ஔவைக்கு நூல் புடவை, அதியமானுக்கு ஜரிகைக் கரை

பள்ளி மாறுவேடப் போட்டிக்கு இந்த முறை மகள் ஔவையார், மகன் அதியமான். தருமபுரிக்காரர்கள் வேறு யாரைத் தேடிப் போவது? அன்றைய தகடூர்தானே இது. நெல்லிக்கனி கொடுக்கும் காட்சி வீட்டில் ஓயாமல் நடக்கிறது.

வாடகை டிரஸ் எனக்குப் பிடிப்பதில்லை. ஜிகினா ஓரம் கழுத்தில் உராய்ந்து, பிள்ளைகள் மேடையில் சொறிந்துகொண்டே நிற்பார்கள். அதனால் அதியமான் சட்டைக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணி கொடுத்து, ஜரிகையின் முரட்டுப் பக்கம் உடம்பில் படாமல் தைத்திருக்கிறேன். முதுகில் பட்டனுக்குப் பதில் வெல்க்ரோ. பக்கவாட்டில் ஓர் அங்குலம் துணி உள்ளே இருக்கிறது, அடுத்த வருஷம் பிரித்துவிட்டால் போதும். ஔவைக்கு அத்தையின் பழைய வெள்ளை நூல் புடவை. பாதியை வெட்டி, கொசுவத்தை நிலையாகத் தைத்து, இடுப்பில் எலாஸ்டிக் கோத்தாயிற்று. பாவாடை மாதிரி மாட்டிக்கொள்ளலாம்.

மீதிப் பாதி மார்கழிக் குளிருக்குப் போடும் ஒட்டுத்துணிப் போர்வைக்குள் போகிறது. மேல்பக்கத்துக்குப் புதுத் துணி சேர்ப்பதானால் முதலில் நனைத்துக் காயவையுங்கள். இல்லையென்றால் முதல் சலவையிலேயே அது மட்டும் சுருங்கிப் போர்வை கோணிக்கொள்ளும். போர்வையின் துணி அடுக்குகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவி, குண்டூசி குத்தினால் சுருக்கம் விழாது. மிஷினில் 16ஆம் நம்பர் ஊசி, தையல் கொஞ்சம் நீளமாக. ஓரத்தை மட்டும் அத்தை கையால்தான் தைப்பார், அந்த நேர்த்தி மிஷினுக்கு வராது.

பக்கத்தில் யாரிடமாவது பழைய நூல் புடவை இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன். அடுத்தது தங்கை குழந்தைக்கு.