ஆர்.கே. நகர் தொகுதிக் குறிப்பு: எண்கள் எங்கே இடறுகின்றன

வட சென்னையில் உள்ள ஆர்.கே. நகர் சட்டமன்றத் தொகுதிக்கு, அதன் எல்லை, மக்கள்தொகை, வாக்காளர், தேர்தல் முடிவுகளைத் தொகுத்துத் தரும் தொகுதிக் குறிப்பு தயாரிக்கும் வேலையில் முதல் தடை பெயர்தான். தேர்தல் ஆணையத்தின் ஆவணங்களில் இதன் பெயர் 'டாக்டர் இராதாகிருஷ்ணன் நகர்'. ஆங்கில அகரவரிசையில் 'ஆர்' எழுத்தில் தேடினால் கிடைக்காது, 'டி' எழுத்தில் இருக்கும். பெயரில் தப்பினாலும் எண்ணில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இன்று இது 11-ஆம் எண் தொகுதி. 2006 தேர்தல் வரை இதன் எண் 3. அந்தப் பழைய வரிசையில் 11 என்பது சேப்பாக்கம். எக்செல்லில் 2006, 2011 முடிவுகளைத் தொகுதி எண்ணை வைத்து இணைத்தால், சேப்பாக்கத்தில் கருணாநிதி வாங்கிய வாக்குகள் ஆர்.கே. நகர் வரிசையில் வந்து உட்காரும். கூட்டல் சரியாகவே இருக்கும் என்பதால் பிழை கண்ணில் படாது. எண்ணை விட்டுவிட்டுப் பெயரை வைத்து இணைத்து, ஒவ்வொரு வரியையும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுவதுதான் பாதுகாப்பு.

எண் மாறியதற்குக் காரணம் 2008 மறுவரையறை, அதாவது தொகுதி எல்லைகளைப் புதிதாக வரைந்தது. அதற்கு முன் எண்ணிக்கை சென்னையிலிருந்து, இராயபுரம் 1 என்று தொடங்கியது. இப்போது கும்மிடிப்பூண்டி 1. சென்னை மாவட்டத்தில் அப்போது 14 தொகுதிகள், மறுவரையறைக்குப் பின் 16. பூங்கா நகர், புரசைவாக்கம் போன்ற பெயர்கள் மறைந்தன. கொளத்தூர், விருகம்பாக்கம், வேளச்சேரி புதிதாக வந்தன. ஆர்.கே. நகர் பெயர் நிலைத்தது, ஆனால் எல்லைகள் அப்படியே நிற்கவில்லை. 2006-ஐயும் 2011-ஐயும் பக்கத்தில் வைத்து 'வாக்கு இவ்வளவு சரிந்தது' என்று எழுதக் கூடாது என்பதற்கு இதுவே போதும். அட்டவணையில் அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் தடித்த கோடு ஒன்று போட்டோம். கோட்டைத் தாண்டி எந்தச் சதவீதத்தையும் கழிப்பதில்லை என்பது விதி.

அடுத்தது நிலம். வடக்கே திருவொற்றியூர், தெற்கே இராயபுரம், மேற்கே பெரம்பூர் தொகுதி. உள்ளே தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, நேதாஜி நகர், எழில் நகர், காசிமேட்டின் ஒரு பகுதி. திருவொற்றியூர் நெடுஞ்சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது. பக்கிங்காம் கால்வாயும் கொருக்குப்பேட்டையின் ரயில் பாதைகளும் தொகுதியைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. வரைபடத்தில் அரை கிலோமீட்டர் தூரமாகத் தெரியும் இரண்டு தெருக்களுக்கு நடுவே ரயில்வே கேட் இருந்தால், அங்கே வாழ்கிறவர்களுக்கு அவை இரண்டு வேறு ஊர்கள். கொருக்குப்பேட்டை கேட், கொடுங்கையூர் குப்பைக் கிடங்கின் புகை, குடிநீர் ஆகியவை தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதியாகத் திரும்பி வருவதற்கு இந்த நில அமைப்பே காரணம். ஆகவே எல்லைக் கோட்டை வரைவதோடு நிறுத்தாமல் கால்வாய், ரயில் பாதை, கேட் மூன்றையும் வரைபடத்தில் ஏற்றியே ஆக வேண்டும். 2021 பிப்ரவரி 14-இல் வண்ணாரப்பேட்டை முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டபோது தண்டையார்பேட்டையிலும் புதுவண்ணாரப்பேட்டையிலும் நிலையங்கள் வந்தன. அதற்கு முந்தைய வரைபடத்தை அடிப்படையாக எடுத்தவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மக்கள்தொகைதான் அதிக நேரம் தின்ற பகுதி. தொகுதி வாரியாக மக்கள்தொகையை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியிடுவதில்லை, வார்டு வாரியாகத் தருகிறது. இங்கேதான் சிக்கல். 2011 தொடக்கத்தில் கணக்கெடுப்பு நடந்தபோது சென்னை மாநகராட்சியில் 155 வார்டுகள். அதே ஆண்டு இறுதிக்குள் மாநகராட்சி விரிந்து 200 வார்டுகள் ஆனது. பழைய வரிசையில் முதல் மண்டலம் தண்டையார்பேட்டை. புதிய வரிசையில் திருவொற்றியூர், மணலி, மாதவரம் முன்னால் வந்துவிட, தண்டையார்பேட்டை நான்காம் மண்டலமாகிவிட்டது. இன்றைய 1-ஆவது வார்டு எண்ணூர்ப் பக்கம் இருக்கிறது. இன்றைய வார்டு எண்ணை எடுத்துக்கொண்டு 2011 அட்டவணையில் தேடினால் சம்பந்தமே இல்லாத தெருக்களின் தொகை கிடைக்கும்.

ஆனால் ஒரு நல்ல விஷயம் உண்டு. 2008 மறுவரையறை ஆணையும் தொகுதியைப் பழைய 155 வார்டு எண்களால்தான் விவரிக்கிறது. ஆக, ஆணையில் உள்ள எண்களை எடுத்து, 2011 கணக்கெடுப்பின் அடிப்படைத் தொகைகளைத் தரும் முதன்மைக் கணக்கெடுப்புச் சுருக்கத்தில் அதே எண் வரிகளைக் கூட்டினால் போதும், இடையில் மாற்று அட்டவணை எதுவும் வேண்டாம். குடும்பங்கள், ஆண், பெண், ஆறு வயது வரையிலான குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிவு, தொழிலாளர் வகை எல்லாம் வார்டு அளவில் கிடைக்கும். மதமும் தாய்மொழியும் அந்த அளவில் வெளியாவதில்லை. மீனவர், பட்டியல் சாதியினர், நாடார், வன்னியர், தெலுங்கு பேசுவோர், முஸ்லிம், கிறிஸ்தவர் எனப் பலரும் கலந்து வாழும் தொகுதி இது என்று எழுதலாம். அதற்கு மேல் 'இந்தச் சாதி இத்தனை சதவீதம்' என்று சுற்றி வரும் அட்டவணைகளை நாங்கள் சேர்க்கவில்லை. வார்டு அளவில் அப்படியொரு கணக்கு அரசிடமிருந்து வெளிவந்ததில்லை. வாக்காளர் பட்டியலில் பெயரைப் பார்த்துச் சாதியை ஊகிப்பது கணக்கெடுப்பு ஆகாது.

வாக்காளர் தொகையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, இந்தத் தொகுதியில் அது ஆழமானது. 2017 ஏப்ரல் இடைத்தேர்தலுக்கான பட்டியலில் 2,62,721 பேர்: ஆண்கள் 1,28,305, பெண்கள் 1,34,307, மூன்றாம் பாலினத்தவர் 109. அதே ஆண்டு டிசம்பர் இடைத்தேர்தலில் 2,28,234 பேர்: ஆண்கள் 1,10,903, பெண்கள் 1,17,232, மூன்றாம் பாலினத்தவர் 99. எட்டு மாதத்தில் 34,487 குறைவு. ஊரே காலியாகிவிடவில்லை. இரட்டைப் பதிவு, இடம் மாறியவர்கள், போலிப் பெயர்கள் என்று பட்டியல் களையப்பட்டதால் வந்த குறைவு அது. டிசம்பரில் வாக்குப்பதிவு 77.5 சதவீதம், ஆளாகச் சொன்னால் சுமார் 1.77 லட்சம் பேர். இதே ஆட்களை ஏப்ரல் பட்டியலால் வகுத்தால் 67 சதவீதத்தைச் சற்றே தாண்டும். பத்துப் புள்ளி வித்தியாசமும் வகுக்கும் எண்ணிலிருந்தே வருகிறது. 'மக்கள் எழுச்சியோடு வாக்களித்தார்கள்' என்று எழுதும் முன் வகுத்த எண்ணைப் பாருங்கள்.

முடிவுகளுக்கு வருவோம். தொகுதி 1977-இல் உருவானது. அதற்கு முன் இந்தப் பக்கத்தில் வண்ணாரப்பேட்டை என்ற பெயரில் தொகுதி இருந்தது. அதை இதன் முன்பகுதியாக ஒட்ட வேண்டாம், எல்லை வேறு. 1977-இல் ஐசரி வேலன் (அ.தி.மு.க.), 1980-இல் வி. ராஜசேகரன் (இந்திரா காங்கிரஸ்), 1984-இல் எஸ். வேணுகோபால் (காங்கிரஸ்), 1989-இலும் 1996-இலும் எஸ்.பி. சற்குணம் (தி.மு.க.), 1991-இல் இ. மதுசூதனன் (அ.தி.மு.க.), 2001, 2006 இரண்டிலும் பி.கே. சேகர்பாபு (அ.தி.மு.க.). 2011-இல் சேகர்பாபு தி.மு.க. வேட்பாளர். அவரை 83,777-க்கு 52,522 என்று வென்றவர் அ.தி.மு.க.வின் பி. வெற்றிவேல். வேட்பாளர் பெயரை மட்டும் வைத்துக் கட்சியைத் தானாக நிரப்பும் சூத்திரம் போட்டால் இங்கே தப்பாகும். கட்சி என்பது ஆளோடு ஒட்டியதல்ல, அந்தத் தேர்தலோடு ஒட்டியது.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் பொதுத்தேர்தல் புள்ளிவிவர அறிக்கைகளை மட்டும் இறக்கியவர்களுக்கு இந்தத் தொகுதியின் பாதி வரலாறு கிடைக்காது. இடைத்தேர்தல்கள் அவற்றில் இல்லை, தனியாகத் தேட வேண்டும். வெற்றிவேல் பதவி விலகியதை அடுத்து 2015 ஜூன் 27-இல் நடந்த இடைத்தேர்தலில் ஜெயலலிதா 1,60,432 வாக்குகள் பெற்றார். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சி. மகேந்திரனுக்கு 9,710. 2016 பொதுத்தேர்தலில் ஜெயலலிதா 97,218, தி.மு.க.வின் சிம்லா முத்துச்சோழன் 57,673. வித்தியாசம் 1,50,722-லிருந்து 39,545-க்கு இறங்கியதை வீழ்ச்சி என்று எழுதுவது தவறு. 2015-இல் தி.மு.க. களத்திலேயே இல்லை.

2016 டிசம்பர் 5-இல் ஜெயலலிதா மறைந்தபின் தொகுதி ஓராண்டுக்கு மேல் காலியாக இருந்தது. 2017 ஏப்ரல் 12-க்கு அறிவிக்கப்பட்ட வாக்குப்பதிவைப் பணப்பட்டுவாடாவைக் காரணம் காட்டி ஆணையம் ரத்து செய்தது. அட்டவணையில் அதற்கு ஒரு வரி கொடுத்து 'ரத்து' என்றே எழுத வேண்டும். விட்டுவிட்டால், இரட்டை இலை முடக்கப்பட்டிருந்ததும், தினகரன் தொப்பியிலும் மதுசூதனன் இரட்டை மின்கம்பத்திலும் நின்றதும் எந்தத் தேர்தலில் என்று பின்னால் யாருக்கும் புரியாது.

2017 டிசம்பர் 21 வாக்குப்பதிவின் படிவம் 20-ஐ, அதாவது ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்று காட்டும் முடிவுத் தாளை, தட்டச்சு செய்வதுதான் மொத்த வேலையிலும் கடினம். 59 வேட்பாளர்கள், நோட்டா ஒன்று. வாக்கு இயந்திரத்தில் பொத்தான்கள் இருக்கும் ஒரு வாக்குச்சீட்டு அலகில் 16 இடங்கள் என்பதால் சாவடிக்கு நான்கு அலகுகள் வைத்தார்கள். 258 வாக்குச்சாவடிகள், 14 மேசைகள், ஆகவே 19 சுற்றுகள். படிவத்தில் ஒரே சாவடியின் வரி பல பக்கங்களுக்கு உடைந்து போகும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முன்னால், சுயேச்சைகள் கடைசியில், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தமிழ் அகரவரிசை. அதனால் முதல் பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு அ.தி.மு.க.வின் மதுசூதனனும் தி.மு.க.வின் மருதுகணேஷும் தெரிவார்கள், வென்றவர் தெரியமாட்டார். 89,013 வாக்கு பெற்ற டி.டி.வி. தினகரன் சுயேச்சை, சின்னம் பிரஷர் குக்கர். அவருக்கு நேராக அ.ம.மு.க. என்று எழுதக் கூடாது, அந்தக் கட்சி 2018 மார்ச்சில்தான் தொடங்கியது. மதுசூதனன் 48,306, மருதுகணேஷ் 24,651. டெபாசிட் தப்ப, செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டும், நோட்டா அதில் சேராது. முதல் இருவரைத் தவிர யாரும் அந்த வரம்பைத் தாண்டவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் தட்டச்சு செய்து முடித்த உடனே நெடுக்குக் கூட்டலைச் சரிபார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். ஸ்கேனில் 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும், கடைசியில் தேடினால் கிடைக்காது. தபால் வாக்குகள் சாவடி வரிகளுக்குக் கீழே தனி வரியாக இருக்கும்.

2021-இல் தி.மு.க.வின் ஜே.ஜே. எபினேசர் 95,763, அ.தி.மு.க.வின் ஆர்.எஸ். ராஜேஷ் 53,284. இந்தத் தேர்தலில் சாவடி எண்களை 2017 எண்களோடு ஒப்பிடவே முடியாது. கொரோனாவால் ஒரு சாவடிக்கு 1,050 வாக்காளர் என்ற வரம்பு வைத்துத் துணைச் சாவடிகள் சேர்க்கப்பட்டன. ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு பாகத்தின் (ஒரு சாவடிக்கு உரிய பகுதி) முதல் பக்கத்தை எடுங்கள். அந்தப் பாகத்தில் அடங்கும் தெருக்கள் அங்கே இருக்கும். தெருவை வைத்துப் பொருத்தி, நாலைந்து சாவடிகளை ஒரு வட்டாரமாகச் சேர்த்து ஒப்பிட்டால் ஓரளவு நம்பலாம்.

1977 முதல் 2021 வரை நடந்து முடிந்த 13 தேர்தல்களில் அ.தி.மு.க. 7, தி.மு.க. 3, காங்கிரஸ் 2, சுயேச்சை 1. 'இங்கே ஜெயிக்கிற கட்சியே ஆட்சிக்கு வரும்' என்ற பேச்சை இந்த அட்டவணை தாங்காது. 1980-இலும் 2006-இலும் தொகுதி ஒரு பக்கம், கோட்டை ஒரு பக்கம்.

2025 நவம்பர் 4-இல் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிந்தைய பட்டியலை இதே அட்டவணையில் சேர்ப்பவர்கள், வாக்காளர் தொகைக்குப் பக்கத்தில் எந்தத் தேதியிட்ட பட்டியல் என்பதற்குத் தனி நெடுவரிசை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாகங்களின் முதல் பக்கங்களையும் இப்போதே இறக்கிச் சேமித்துவிடுங்கள். புதிய பட்டியல் வந்த பிறகு பழையவை இணையத்தில் அதே இடத்தில் இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது.