தனியா உலகம் சுத்த சொந்தமா ப்ளேன் கட்டறது: டேங்க்ல இருந்து பர்மிட் வரைக்கும்

சொந்தமா ப்ளேன் கட்டி அதுல தனி ஆளா உலகத்த ஒரு சுத்து சுத்திட்டு வரணும்னு ஆசைப்படறவங்களுக்காக இத எழுதறேன். நடக்காத காரியம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, 1976லயே டான் டெய்லர் தன் கையால கட்டின தார்ப் டி-18ல சுத்தி வந்துட்டார், 1995ல ஆஸ்திரேலியாக்காரர் ஜான் ஜொஹான்சன் தான் கட்டின ஆர்வி-4ல போயிட்டு வந்தார். நான் கட்டினது அந்த ஆர்வி-4 கிட்ட விக்கற வான்ஸ் கம்பெனியோட ஆர்வி-8, முன்னாடி ஒரு சீட் பின்னாடி ஒரு சீட், லைகமிங் ஐஓ-360 எஞ்சின். கட்டி முடிச்சு முதல் கட்ட டெஸ்ட் பறப்பும் முடிஞ்சாச்சு, இப்போ பர்மிட் வேலை ஓடிட்டு இருக்கு.

எல்லாரும் முதல்ல எந்த கிட் (பாகம் பாகமா வர்ற ப்ளேன் செட்) வாங்கலாம்னு தான் கேக்கறாங்க. அதுக்கு முன்னாடி நம்ம ரூட்ல எந்த லெக் (இறங்காம ஒரே மூச்சுல பறக்கற தூரம்) ரொம்ப நீளம்னு பாருங்க, மத்த எல்லாத்தையும் அது தான் முடிவு பண்ணும். எனக்கு அது ஹவாய்க்கும் கலிஃபோர்னியாவுக்கும் நடுவுல இருக்கிற பசிபிக். சுமார் 3,800 கிலோமீட்டர், நடுவுல இறங்க ஒரு மண் திட்டு கூட கிடையாது. மணிக்கு 285 கிலோமீட்டர் வேகம், 30 லிட்டர் செலவுன்னு வெச்சாலே 13 மணி நேரத்துக்கு மேல ஆகும், 400 லிட்டர் போயிடும். எதிர்க்காத்து, ரிசர்வ் எல்லாம் சேத்தா 500 லிட்டர் இல்லாம கிளம்பக்கூடாது. ஆர்வி-8 இறக்கையில கிட்டோட வர்ற டேங்க் மொத்தமே 160 லிட்டர் தான். அலாஸ்கால இருந்து ரஷ்யா பக்கம் தாண்டினா கடல் ரொம்ப கம்மி, தனியா உலகம் சுத்தின பைலட் ஜாரா ரதர்ஃபோர்ட் 2021ல அப்படித்தான் போனாங்க, ஆனா இன்னைக்கு நிலைமையில அந்த ரூட்ட நம்பி ஒரு ப்ளேன கட்ட முடியாது.

மீதி 340 லிட்டர எங்க வைக்கறது, என்னோட பில்ட் முழுக்க இந்த ஒரு கேள்வி தான். முடிஞ்ச வரைக்கும் இறக்கையிலயே வைக்கணும்னு எனக்கு பிடிவாதம், ஏன்னா இறக்கைக்குள்ள இருக்கிற வெயிட், இறக்கை உடம்போட சேர்ற எடத்துல வர்ற வளைவ குறைக்கும். அதனால முன்விளிம்போட வெளிப்பகுதியையும் சீல் பண்ணி டேங்க்காக்கினேன், சொந்தமா கட்டறதால தான் இத ஆரம்பத்துலயே பண்ண முடிஞ்சது. மிச்சம் இருந்ததுல பெரும்பகுதி பின் சீட்ட எடுத்துட்டு வெச்ச அலுமினிய டேங்க்ல, கொஞ்சம் முன்னாடி லக்கேஜ் பெட்டியில, அங்க கொஞ்சம் வெச்சா தான் வால் பக்கம் வெயிட் இழுக்காது.

ரிவெட் (தகடுங்கள சேத்து பிடிக்கற அலுமினிய ஆணி) வேலைய பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். ரிவெட் அடிக்கற கன் நான் பிடிப்பேன், உள்பக்கம் இரும்பு பார தம்பி பிடிப்பான். 3.2 மில்லிமீட்டர் ரிவெட்னா அடிச்சு முடிச்சதும் நசுங்கின தலை அகலம் 4.8, உயரம் 1.6 இருக்கணும், அதுக்கு ஒரு சின்ன கேஜ் இருக்கு. "அண்ணா, இது சாஞ்சிருக்கு"ன்னு அவன் சொன்னா அங்கயே நிறுத்தி, அந்த ரிவெட்ட ட்ரில் பண்ணி எடுத்துட்டு புதுசு போடுவோம், ஓட்டை பெருசாகாம எடுக்கறது தான் இதுல நுணுக்கம். டேங்க்னா இதுக்கு மேல கசியாம அடைக்கற சீலண்ட் பசை வேற, நாத்தம் தாங்காது, கையில ஒட்டினா போகவே போகாது, கலந்த கொஞ்ச நேரத்துலயே இறுக ஆரம்பிச்சிடும். ஒட்டி முடிச்சதும் எல்லா வாயையும் அடைச்சு, ஒரு ட்யூப்ல சாதா பலூன கட்டி லேசா காத்து ஏத்தி, ரிவெட் வரிசை முழுக்க சோப்பு தண்ணி தடவணும். ராத்திரி குளிருக்கு பலூன் சுருங்கும், வெயில் ஏறினா திரும்ப உப்பும், அத பாத்து லீக்னு பதறாதீங்க, சோப்புல குமிழி வருதான்னு மட்டும் பாருங்க. எனக்கு இந்த மொத்த பில்ட்லயே பிடிச்ச வேலை இது தான், ஏன்னா நடுக்கடல்ல என்னை தாங்கப்போறது இந்த டேங்க் தான்.

அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏ விதிப்படி வேலையில பாதிக்கு மேல அமெச்சூர் கையாலயே நடந்திருக்கணும், அதனால ஒவ்வொரு கட்டத்துக்கும் ஃபோட்டோவும் நோட்ஸும் வெச்சுக்கோங்க. அதே ஆதாரத்த வெச்சு ரிப்பேர்மேன் சர்டிஃபிகேட்டும் வாங்கலாம், வருஷாந்திர இன்ஸ்பெக்ஷன நீங்களே பண்ணி நீங்களே சைன் பண்ணலாம்.

டெஸ்ட் பறப்பு, எஞ்சினும் ப்ரொப்பெல்லரும் சர்டிஃபைடு ஜோடியா இருந்தா பொதுவா 25 மணி நேரம், இல்லன்னா 40. இது ஒரு பெரிய விஷயமே இல்ல, பொறுமையா பறந்தா முடிஞ்சிடும். பெரிய விஷயம் வெயிட் தான். ப்ளேன் காலியா 500 கிலோ, பெட்ரோல் 360, நான், லைஃப் ராஃப்ட், எமர்ஜென்சி சாமான் எல்லாம் சேத்தா, கிட் கம்பெனி சொன்ன 816 கிலோவ நல்லாவே தாண்டிடுது. அமெச்சூர் ப்ளேனுக்கு அதிகபட்ச வெயிட்ட கட்டினவரே குறிக்கலாம்னு விதி சொல்லுது, ஆனா விதி சொல்லுதுங்கறதுக்காக அலுமினியம் கெட்டியாகிடாது, அதனால ஒரு ஸ்ட்ரக்சர் இஞ்சினியர உக்கார வெச்சு கணக்கு போட்டு, அப்புறம் தான் பறக்கும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டு வர்றேன். பின் டேங்க் நிறைய இருந்தா ஸ்டிக் ரொம்ப லேசாயிடும், மூக்கு தானா நிக்காது. அதனால கிளம்பறது இறக்கை டேங்க்ல, மேல போனதும் பின் டேங்க்க முதல்ல காலி பண்ணணும். இங்க ஒண்ணு கவனிக்கணும், பின் டேங்க்ல இருந்து பம்ப் பண்றது இறக்கை டேங்க்குக்கு தான், அதுல எடம் இல்லாம பம்ப் போட்டா பெட்ரோல், டேங்க்கோட காத்துக்குழாய் (வென்ட்) வழியா கடல்ல கொட்டிடும். அதனால பம்ப் ஸ்விட்ச் பக்கத்துலயே டைமர் வெச்சிருக்கேன்.

இனி பேப்பர். 1944 சிகாகோ ஒப்பந்தப்படி ஒரு நாட்டோட முழு ஏர்வொர்தினெஸ் சர்டிஃபிகேட்ட (பறக்க தகுதியானதுங்கற சான்று) மத்த நாடுங்க ஏத்துக்கணும், ஆனா நம்ம ப்ளேனுக்கு கிடைக்கறது எக்ஸ்பெரிமென்டல் சர்டிஃபிகேட், அதுக்கு அந்த உரிமை கிடையாது. அதனால பெரும்பாலான நாடுகள்ட்ட தனித்தனியா கெஞ்சி தான் வாங்கணும், மேல பறக்க ஒண்ணு, இறங்க ஒண்ணு. ஒரு நாட்டுல இருந்து மாசக்கணக்கா பதிலே வரல, அதனால அடுத்த நாலு நாட்டு தேதியும் அந்தரத்துல நிக்குது, மனசு விட்டுப்போகுது சில நாள்.

பெட்ரோலும் அப்படித்தான். நிறைய ஏர்போர்ட்ல ஜெட் ஃப்யூயல் மட்டும் தான், நம்ம எஞ்சினுக்கு வேணும் ஏவ்கேஸ்ங்கற விமான பெட்ரோல், அத முன்கூட்டியே ட்ரம்ல வரவழைச்சு வெக்கணும், ஊத்தும்போது தண்ணி பிரிக்கிற ஃபில்டர் புனல் கண்டிப்பா வேணும். 2003 டிசம்பர்ல ஜொஹான்சன் தென் துருவத்துக்கு மேல பறந்துட்டு, எதிர்க்காத்துல பெட்ரோல் பத்தாம அண்டார்டிகாவுல இருக்கிற மக்மர்டோல இறங்கினார், அங்க இருந்த அமெரிக்க, நியூசிலாந்து தளங்கள் விக்க மாட்டோம்னுட்டாங்க. பாலி வேச்சர்னு இன்னொரு பைலட் தன் பயணத்துக்காக அங்க சேத்து வெச்சிருந்தத விட்டுக்குடுத்ததால தான் அவர் கிளம்பவே முடிஞ்சது. அதனால ட்ரம் வந்து சேந்துடுச்சுன்னு எழுத்துல பதில் வராத எந்த ஊரையும் நான் ரூட்ல சேக்கறதில்ல.

அடுத்தது முழு 500 லிட்டரோட ஒரு நீளமான பறப்பு, ஏர்போர்ட்டுங்கள விட்டு ரொம்ப விலகாம தரைக்கு மேலயே 14 மணி நேரம், ஒவ்வொரு டேங்க்கும் கணக்குப்படி காலியாகுதான்னு குறிச்சுக்கிட்டே. அது சரியா வந்தா ஹவாய் தேதிய போட்டுடுவேன்.