பற்று வரவு

ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் 12 ஆண்டுகளாக மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். இங்கே வந்து சேர்கிறவர்கள் பலரும் யாரோ ஒருவருடைய கணக்கு நோட்டில் பெயர் ஏறியவர்கள். கரும்பாலை, செங்கல் சூளை, தறிப்பட்டறை என்று இடம் மாறும், நோட்டு மாறாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வேலை செய்தவர் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்.

நான் சொல்லப்போகிற பெண்ணின் பெயரை எழுதவில்லை. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். அக்காளின் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிய நாற்பதாயிரம் ரூபாய் முன்பணத்துக்காக, பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் ஒரு விசைத்தறிப் பட்டறைக்குள் போனவள். நூலைத் தார் சுற்றுவதில் தொடங்கிப் பதினைந்து வயதில் நான்கு தறி பார்த்தாள். ஒருவர் ஊருக்குப் போனால் மற்ற இருவரும் பட்டறையில் இருக்க வேண்டும். நான்காவது ஆண்டில் அப்பா இறந்தார். காரியம் முடிந்த மறுநாள், செலவுக்குக் கொடுத்ததையும் சேர்த்துக் கடன் ஏறிவிட்டது என்றார்கள். பிறகு அம்மாவும் போனாள். மிஞ்சியவளை இரவில் வெளிப்பக்கம் பூட்டினார்கள். மொத்தம் 11 ஆண்டுகள். வருவாய்த் துறையினர் வந்து அழைத்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் எவ்வளவு பாக்கிங்க?"

பாக்கி எதுவுமே கிடையாது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அப்படிப்பட்ட கடன் அத்தனையையும் இல்லாமல் ஆக்கிவிட்டது. ஒருவரிடம் கட்டாய வேலை வாங்கப்பட்டிருந்தால் அதற்குப் பின்னால் முன்பணம் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும், இல்லையென்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு என்று 1983இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கோட்டாட்சியர் கையெழுத்திட்ட விடுதலைச் சான்றிதழை அவளுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினேன். தலையாட்டினாள். அன்று இரவே சமையல் செய்யும் அம்மாவிடம் போய், இரண்டு வேளை சாப்பிட்டதற்கு என்ன வேலை செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாள்.

முதல் மாதங்களில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவளுக்கு எங்கள் இல்லத்தின் அமைதி பயமாக இருந்தது. கழிப்பறைக்குப் போகவும் அனுமதி கேட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போது அவள் விரல்கள் தாவணி நுனியில் ஓர் இழையை உருவி முடிச்சு போட்டுக்கொண்டே இருக்கும். அறுந்த பாவு இழையைப் பிணைக்கும் அதே முடிச்சு, கண் பார்க்காமலே.

தப்ப வழியில்லாத கொடுமையில் நெடுநாள் கிடந்தவர்களின் நிலைக்கு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு தனிப்பெயர் கொடுத்திருக்கிறது. பழைய கொடுமை கண்முன் திரும்புவதோடு மேலும் மூன்றைச் சேர்க்கிறது: உணர்ச்சி கட்டுக்குள் நிற்காதது, தான் ஒன்றுக்கும் உதவாதவள் என்ற எண்ணம், மனிதர்களோடு நெருங்கி இருக்க முடியாமை. முதல் இரண்டுக்கும் மருத்துவரும் மாத்திரையும் பேச்சும் உண்டு. மூன்றாவதை நான் அதிகம் தொட்டதில்லை. உயிரோடு மீண்டு வந்ததே போதும் என்ற நினைப்பு எனக்குள்ளும் இருந்திருக்கிறது.

இரண்டாம் ஆண்டில் எங்கள் தையல் கூடத்துக்குத் திருப்பூரிலிருந்து பனியன் துணி மூட்டை கொண்டுவரும் சரக்கு ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் அவளோடு பேசத் தொடங்கினார். மூட்டைகளை எண்ணி வாங்குவது அவள் வேலை. அவர் ஒருமுறை எண்ணுவார், அவள் ஒருமுறை எண்ணுவாள், இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. அவள் கணக்கில் ஒன்று குறைந்தால் அவர் முகம் சுளிக்காமல் மறுபடி இறக்கி எண்ணுவார். பட்டறையில் அவள் நெய்த மீட்டரை ஒருவரும் அவள் எதிரில் அளந்ததில்லை. இதை அவள் என்னிடம் சொன்னபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, கவலைதான் வந்தது.

2016ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டப்படி மீட்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு 2 லட்சம் ரூபாய் மறுவாழ்வு நிதி உண்டு. முழுத்தொகையை வழக்கில் முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சு போட்டுவிட்டதால் அவளுக்கு அது வந்து சேரவில்லை. என்றாலும், அவர் அந்தப் பணத்துக்காகத்தான் சுற்றுகிறார் என்று நான் நினைத்தேன். ஒரு கூண்டிலிருந்து இன்னொரு கூண்டுக்குப் போய்விடுவாள் என்று பயந்தேன். மூட்டை வாங்கும் வேலையை வேறொரு பெண்ணிடம் மாற்றிவிட்டேன். காரணம் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்து வந்து நின்றாள். "நான் தப்பாக எண்ணிவிட்டேனா அக்கா?"

இல்லை என்றேன்.

"அப்படியென்றால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இரண்டு ஆண்டுகளில் அவள் யார் மீதும் சொன்ன முதல் குறை அது. எனக்குச் சுருக்கென்றது. அவள் நல்லதுக்காக என்று நானே முடிவெடுத்து, நானே கதவைச் சாத்தியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். மறுநாளே வேலை அவளிடம் திரும்பியது.

அதற்குப் பிறகுதான் அந்த நோட்டைக் காட்டினாள். நாற்பது பக்க நோட்டு. டீ, பன், பஸ் டிக்கெட், ஒருமுறை வாங்கித் தந்த தலைவலித் தைலம் என்று அவர் செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் தேதி போட்டு ஏறியிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றாள். அடுத்த மாதம் அந்த நோட்டு அவர் கண்ணிலும் பட்டுவிட்டது. கிழித்துப் போட்டிருந்தால் எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிருக்கும். அவர் உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டு, "ஏனுங்க, வரவை எழுதவே இல்லையே" என்றாராம். அவள் அவருக்குத் தைத்துக் கொடுத்த சட்டைப் பொத்தான்கள், கட்டிக் கொடுத்த தக்காளிச் சோறு, ஒரு மழை நாளில் கொடுத்த குடை. நடுவில் கோடு கிழித்து எதிர்ப்பக்கத்தில் எழுதச் சொன்னார். குடைக்கு என்ன விலை போடுவது என்று இருவரும் வெகுநேரம் பேசியிருக்கிறார்கள்.

ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறைக்கு வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். கூட்டத்தில் மூச்சு முட்டும், வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதை என்னிடம் மூன்று தடவை சொன்னாள். "வேண்டாம் என்றேன் அக்கா. அடுத்த வாரமும் அதே மாதிரிதான் பேசினார்." சொல்லும்போது அவள் விரல்கள் இழையைத் தேடவில்லை. ஓர் ஆலோசகராக நான் பார்த்த பெரிய முன்னேற்றம் அதுதான்.

கல்யாணம் சென்னிமலையில் நடந்தது. மேலே பஸ் போகும். அவள் 1,320 படிகளையும் ஏறித்தான் போவேன் என்றாள். நானும் ஏறினேன். மண்டபத்தில் ஒரு வயதான உறவுக்காரர், "அம்மிணிக்கு நம்ம பையன் வாழ்க்கை கொடுத்துவிட்டான்" என்று பெருமையாகச் சொன்னார். நல்ல மனிதர்தான், ஆனாலும் அந்தச் சொல் எனக்குப் பொறுக்கவில்லை. கொடுத்தது என்று ஆகிவிட்டால் அதுவும் ஒரு முன்பணம், ஆயுள் முழுக்க நன்றியால் அடைக்க வேண்டிய முன்பணம். "இல்லைங்க, அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாழப் போகிறார்கள்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கெட்ட கனவு இன்னும் வருகிறது. வந்தால் தொடக்கூடாது, விளக்கைப் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சில இரவுகளில் ஒரு மணி நேரம் ஆகும் என்கிறார். வாடகை வீட்டுக் கதவில் வெளிப்பக்கத் தாழ்ப்பாள் இருந்தது. அவள் கேட்காமலே கழற்றிவிடலாமா என்று அவர் என்னிடம் கேட்டார். அவளிடம் கேளுங்கள் என்றேன்.

சென்ற மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள் இருந்தன. அந்த நோட்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அடுக்களை அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். பற்றும் வரவும் பாதி நோட்டு வரை ஓடி, தீபாவளிக்கு முந்தைய வாரத்தோடு நின்றிருந்தன. கூட்டிப் பார்த்தது போலத் தெரியவில்லை. அதற்கடுத்த பக்கத்திலிருந்து பால் கணக்கு எழுதியிருந்தாள், காலை அரை லிட்டர், மாலை கால் லிட்டர் என்று.