ஊதாங்குழல்ல ஒட்டுன காந்தம்

2018 நவம்பர்ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, புதுக்கோட்டைய பொரட்டிப் போட்டுட்டு நம்ம காரைக்குடி பக்கமும் எட்டிப் பாத்துட்டுப் போச்சுல்ல, அப்ப நான் சென்னைல. அப்பத்தாவுக்கு அடிச்சா போன்ல சார்ஜ் இல்ல. ரெண்டு நாள் கழிச்சு லைன் கெடச்சு "சாப்டியா அப்பத்தா"ன்னு நான் பதறுனா, "வெள்ளைப் பணியாரம் சுட்டேன், நீ சாப்டியா"ன்னு கேக்குது.

பாவம், வயசான மனுஷி, இனிமே கரண்ட் இல்லாம கஷ்டப்படக் கூடாதுன்னு அப்பவே மனசுல போட்டு வச்சேன். ஊரோட வந்து வீட்ல இருந்தே வேலைன்னு ஆனதும் வாங்கிட்டேன், 900 விஏ இன்வெர்ட்டர், 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு, சார்ஜ் லைட் ரெண்டு. கரண்ட் இல்லாத நேரத்துக்கு கரண்ட் அடுப்பு வாங்குனவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

இண்டக்‌ஷனுக்கு காந்தம் ஒட்டுற பாத்திரந்தான் ஆகும்னாங்க. ஃப்ரிட்ஜ் கதவுல இருந்த காந்தத்த எடுத்துக்கிட்டு சாமான் அறைக்குள்ள போனேன். கல்யாணச் சீரா வந்த பித்தளை அண்டா, வெங்கலப் பானை, செம்புத் தவலைன்னு கூரை வரைக்கும் அடுக்கி இருக்கு, ஒவ்வொண்ணுலயும் காந்தத்த வச்சுப் பாக்குறேன், பொத்துன்னு கீழ விழுகுது. கடைசில ஒட்டுனது மூணே மூணு. தோசைக்கல்லு, குழிக்குழியா இருக்குற பணியாரச் சட்டி, அப்பறம் இரும்பு ஊதாங்குழல்.

போன ஐப்பசில செம மழை. பிள்ளையார்பட்டிக்கு வந்த எங்க ஆச்சியும், அதான் எங்க அக்காவும், அய்த்தானும் அவுக ஆளுகளோட சேந்து எட்டுப் பேரு ராத்திரி பலகாரத்துக்கு வந்து எறங்குறாக. டிரான்ஸ்பார்மர் டமார். இட்லிப் பானைய வச்சா கேஸ் அடுப்பு நீலமா ஒரு தடவ சிரிச்சுட்டு அணைஞ்சு போச்சு. மாத்து சிலிண்டர பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு குடுத்த வள்ளல் நான்தான்.

"ஒண்ணும் பயமில்ல"ன்னு காந்தம் ஒட்டுன அந்தத் தோசைக்கல்ல வச்சு, இண்டக்‌ஷன இன்வெர்ட்டர்ல சொருகி 800ல வச்சேன். 900 விஏன்னா நெசத்துல 700 சொச்சம் வாட்ஸ்தான் தாங்கும், அதுலயே நாலு ஃபேனு வேற ஓடுது. கீய்ய்ங்னு கத்திட்டு மொத்தமா படுத்துருச்சு, இருந்த வெளிச்சமும் போச்சு. நேரு வந்து 1948ல அடிக்கல் நாட்டுன சிக்ரி, பேட்டரி ஆராய்ச்சிக்கே பேர் போன எடம், எங்க வீட்லேந்து வண்டில பத்து நிமிஷம். இருட்டுல அய்த்தான் "மாப்ள, சிக்ரிக்கு போன் போடவா"ங்கிறாக.

அப்பத்தா எதுவும் பேசல. ரெண்டாங்கட்டுல கோணிய வெலக்குச்சு, உள்ள காஞ்ச சீமைக்கருவேல வெறகு. நானும் வீரமா அடுப்பு நெறைய திணிச்சுப் பத்த வச்சேன், பொகைதான் வருது. "ஏண்டா, சந்து விட்டாத்தான காத்து போகும்"னு ரெண்டு கட்டைய உருவிப் போட்டுட்டு ஊதாங்குழல கைல குடுத்துச்சு. ஊதுனேன் ஊதுனேன், சாம்பல் பூரா என் மூஞ்சில.

சட்னிக்கு அம்மிய வச்சா, கஜாவுக்கு அப்பறம் கொத்தவே இல்ல போல, ஆத்தங்குடிக் கல்லாட்டம் வழுவழுன்னு கெடக்கு. வரமொளகா இந்தப் பக்கம் ஓடுது பூண்டு அந்தப் பக்கம் ஓடுது, அதுகள வெரட்டிப் புடிக்கவே கால் மணி நேரம். இதுல காப்பிக்கு குமுட்டி அடுப்புல கரியப் போட்டு, சாரல் அடிக்குதேன்னு உள்ளறைக்கு தூக்கிட்டுப் போய் ஜன்னல சாத்துனேன் பாருங்க, அப்பத்தா போட்ட சத்தம் முகப்பு வரைக்கும் கேட்டுருக்கும். "கரிப்பொகை தூக்கத்துலயே ஆளக் கொண்டு போயிரும், காத்தோட்டமா வளவுப் பத்தில வைடா!"

ஒம்பதரைக்கு இட்லி, திப்பி திப்பியா ஒரு சட்னி. எட்டுப் பேரும் மூணு ஈடு காலி பண்ணிட்டாக. சட்னிய மட்டும் அய்த்தான் "இது என்ன, மொளகாப் பொடியா"ன்னு கேட்டாக, நான் ஆமான்னுட்டேன்.

மறுநாள் கரண்ட் வந்ததும் இண்டக்‌ஷன அட்டைப்பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டு இருக்கேன், அப்பத்தா வந்து "அந்தக் காந்தத்த மட்டும் குடுத்துட்டுப் போ"ங்குது. தைக்கும்போது ஊசி கீழ விழுந்தா எடுக்கவாம்.