சாப்பாட்டுப் பெட்டியோடு நின்ற பாடகர்
காலையிலிருந்து அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸின் பாட்டுகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

1971இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் அட்டையைப் பாருங்கள். செங்கல் சுவரோரம், கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்கிறார். அவர் அப்போது வேலை பார்த்த, விமானக் கழிவறைப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் மதிய இடைவேளையில் எடுத்த படம். சுரங்கத் தொழிலாளியின் மகன், சிறு வயதில் திக்குவாய், 9 வருடம் கடற்படை. முப்பதைத் தாண்டித்தான் முதல் ஆல்பமே வந்தது.

'ஏய்ன்ட் நோ சன்ஷைன்' பாட்டில் 'ஐ நோ, ஐ நோ' என்று 26 தடவை வருமே, அந்த இடத்துக்கு வேறு வரிகள் எழுதுவதாகத்தான் இருந்தாராம். கூட வாசித்தவர்கள்தான் அப்படியே விடச் சொன்னார்கள். நல்லவேளை!

1985க்குப் பிறகு புது ஆல்பமே போடவில்லை. பாட்டுக் கம்பெனிக்காரர்கள் சொன்னபடி ஆட அவருக்கு மனமில்லை. 2020 மார்ச் 30இல் போய்விட்டார். அந்த ஊரடங்கு நாட்களில், ஜன்னலோரம் நின்று ஜனங்கள் பாடிய பாட்டுகளில் ஒன்று அவருடைய 'லீன் ஆன் மீ'.