குளத்தைத் தேய்த்துக் கழுவாதீர்கள்

வீட்டுத் தோட்டத்தில் சின்னதாகக் குளம் கட்டியவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். தண்ணீர் பச்சையாகிவிட்டது, மொத்தமாக இறைத்துவிட்டு பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடலாமா? தயவுசெய்து செய்யாதீர்கள்.

சுவரிலும் தொட்டியிலும் கையை வைத்தால் வழவழவென்று ஒரு படலம் இருக்கும், பார்த்தாலே தேய்க்கத் தோன்றும், ஆனால் குளத்தை நடத்துவதே அதுதான். மீன் கழிவில் வரும் அமோனியா மீனுக்கே விஷம். அந்தப் படலத்தில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன, நைட்ரேட்டைச் செடிகள் எடுத்துக்கொள்கின்றன. படலத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு அதே மீன்களைப் புதுத் தண்ணீரில் விட்டால் சில நாளில் ஒவ்வொன்றாக மிதக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் இன்னும் சீக்கிரம். பச்சையும் திரும்ப வந்துவிடும், ஏனென்றால் பாசிக்கு வேண்டியது வெயிலும் சத்தும்தான், இரண்டையும் நீங்கள் குறைக்கவே இல்லையே.

குறைக்கும் வழி செடி. எங்கள் வீட்டுக் குளம் 6 அடிக்கு 4 அடி, 2 அடி ஆழம், சுமார் 1,300 லிட்டர் பிடிக்கும். மோட்டார் கிடையாது, ஃபில்டர் கிடையாது. அல்லி இலை தண்ணீர்ப் பரப்பில் பாதிக்குமேல் மூடியிருக்கிறது, அடியில் வேலம்பாசி (பெயரில்தான் பாசி, அது நீருக்குள் வளரும் செடி), ஓரத்தில் கோரையும் வசம்பும். அல்லியைத் தொட்டியில் வைக்கும்போது வெறும் களிமண் போதும், மேலே ஒரு விரல் உயரத்துக்கு மணல் போடுங்கள். மண்புழு உரம், தொழுவுரம் எல்லாம் கலந்தால் அது தண்ணீரில் கரைந்து பாசிக்குத்தான் விருந்து. (புது சிமென்ட் தொட்டி என்றால் முதலில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிச் சுண்ணாம்புக் காரம் போன பிறகுதான் மீன்.)

அடுத்தது தீனி. குளம் கெடுவதற்கு என் கணக்கில் முதல் காரணம் இதுதான். பாக்கெட் தீனியை நாம் அள்ளிப் போடுகிறோம், தின்றது கழிவாகிறது, தின்னாதது அழுகுகிறது, இரண்டும் அமோனியா. மீனைக் கொஞ்சமாக விட்டு, செடி நன்றாகப் பிடித்துவிட்டால் கொசுப்புழுவும் பாசியும் பூச்சியுமே அதற்குப் போதும். உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னுகிற, மேல்மட்டத்திலேயே சுற்றும் சின்ன மீன் இருக்கிறதே, எங்கள் பக்கம் முண்டக்கண்ணி என்போம், கொசுப்புழுவுக்கு அதைவிட நல்ல ஆள் இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதற்குள் புழு இதன் வாய்க்குப் போய்விடும்.

கோடையில் மட்டும் விடியற்காலை ஒருமுறை எட்டிப் பாருங்கள். செடியும் பாசியும் ராத்திரி முழுக்க ஆக்சிஜனை எடுக்கத்தான் செய்யும், கொடுக்காது, அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் அது மிகக் குறைவாக இருக்கும். சூடான தண்ணீர் ஆக்சிஜனைப் பிடித்து வைப்பதும் குறைவு, 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். மேல்மட்டத்தில் வாழாத மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மீன் கூட்டம் அதிகம் என்று அர்த்தம், பாதியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

குளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் கோரைத் தண்டைத்தான் பார்ப்பேன். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, முதுகு பிளந்து, ஆறு காலும் தண்டைக் கவ்வியபடி ஒரு காய்ந்த கூடு ஒட்டியிருக்கும், பிளவில் வெள்ளை நூல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். தும்பி வெளியேறிப் போன தோல் அது. தும்பியின் குஞ்சு வாரக்கணக்கில், சில வகைகளில் மாதக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே வேட்டையாடி வளர்வது, மருந்து அடித்த குளத்தில் அது தங்காது.

வேலை என்று பார்த்தால், பழுத்த அல்லி இலையை அழுகுவதற்குமுன் கிள்ளி எடுப்பது, ஆவியான அளவுக்குத் தண்ணீர் விடுவது, வருஷத்துக்கு ஒருமுறை அடிவண்டலில் பாதியை வாரி வாழைக்கோ கத்தரிக்கோ போடுவது, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அதிகமான செடியையும் மீனையும் பக்கத்து ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத்தாமரை நம் ஏரிகளை எப்படி மூடிக்கிடக்கிறது என்று பார்க்கிறோம். கொசுப்புழுவுக்காக விடுகிற கப்பியும் கம்பூசியாவும் வெளிநாட்டு மீன்கள்தான். செடியை உரக்குழியில் போடுங்கள், மீனை இன்னொரு வீட்டுத் தொட்டிக்குக் கொடுங்கள்.