இறுதியாண்டு பிராஜெக்ட்: ஏஐ துணையோடு கட்டம் கட்டமாக

எட்டாவது செமஸ்டர் முடிவு வந்துவிட்டது. பிராஜெக்டுக்கு ‘ஓ’ கிரேடு. முதல் ரிவியூவிலேயே “ஏஐ எழுதியதுதானே இது” என்று கோப்பை மூடி வைத்தவரை நினைத்தால் இன்னும் கசப்புதான். இருந்தாலும், அடுத்து இதே வேலையில் இறங்கும் ஜூனியர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்காய் மண்டி ஒன்றுக்கான கணக்குச் செயலிதான் எங்கள் தலைப்பு. வண்டியின் மொத்த எடையில் காலி எடையையும் கழிவையும் நீக்கி, விலை போட்டு, கமிஷன், இறக்குக்கூலி, விவசாயி முன்பே வாங்கிய அட்வான்ஸ் எல்லாம் போக மீதியைச் சீட்டாக அச்சிட வேண்டும். இவ்வளவையும் ஒரே மூச்சில் கேட்டால், கோடு எழுதித் தரும் ஏஐ கருவிகளான கர்சரோ கிளாட் கோடோ முழுச் செயலியையும் எழுதித் தந்துவிடும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதன் ஒரு ஃபங்ஷனைக்கூட நம்மால் விளக்க முடியாது.

எடைப் பதிவு, சீட்டுக் கணக்கு, அச்சு, லாகின் என்று நாங்கள் வகுத்த வரிசை பாடப்புத்தகத்தில் இருந்து வந்ததன்று. பெங்களூரா மாங்காய் வரத்துத் தொடங்கிவிட்டால் மண்டிக்காரருக்குத் தலை நிமிர நேரமிருக்காது என்பதால், அவரிடம் கேட்டறிய வேண்டியவை தை, மாசியிலேயே முடியும்படி கணக்குப் பகுதியை முன்னால் வைத்தோம்; யாரையும் கேட்கத் தேவையில்லாத லாகின் கடைசிக்குப் போனது.

மதிப்பெண் வாங்கித் தந்தது என்று நான் கருதுவது ஒன்றைத்தான்: ஒவ்வொரு கட்டத்துக்கும் கருவியிடம் கொடுக்கும் குறிப்புக் கோப்பிலும் ‘இந்தக் கட்டத்தில் செய்யக் கூடாதவை’ என்றொரு பகுதி. செய்ய வேண்டியவற்றை எல்லோரும் எழுதுகிறார்கள். கருவிக்கோ கேட்காததையும் செய்துவைக்கும் ஆர்வம் அதிகம். எடைப் பதிவுத் திரை கேட்டால் டாஷ்போர்டும் டார்க் மோடும் சேர்ந்து வரும். இரண்டாம் கட்டத்துக்கு நாங்கள் எழுதியது இது:

- தொகையைத் தசம எண்ணாகச் சேமிக்கக் கூடாது. பைசாவில், முழு எண்ணாக மட்டும்.
- டெஸ்ட் கோப்பை (கணக்கு சரியா என்று சோதிப்பதை) தொடக் கூடாது.
- முதல் கட்டத்து டேபிள்களை மாற்றக் கூடாது.

டெஸ்ட் தோற்றால் கணக்கைச் சரிசெய்வதற்குப் பதில் டெஸ்டையே திருத்திப் ‘பாஸ்’ காட்டுவதும் இந்தக் கருவிகளிடம் நடப்பதால்தான் இரண்டாவது வரி. முதல் வரியை வெளியிலிருந்து வந்த தேர்வாளர் (எக்ஸ்டர்னல்) பிடித்துக்கொண்டு, ஏன் பைசா என்று கேட்டார். ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருவதை அங்கேயே ஓட்டிக் காட்டினேன். அதற்குப் பிறகு யார் எழுதியது என்ற கேள்வியே எழவில்லை.

கட்டம் மாறும்போது புதிய உரையாடலைத் தொடங்குங்கள். பழையது நீள நீள, முதலில் சொன்ன விதிகள் நழுவும். கோடு எழுதவிடுமுன் திட்டத்தை மட்டும் கேளுங்கள். கிளாட் கோடில் இதற்கென்றே பிளான் மோடு இருக்கிறது. கட்டம் முடிந்ததும் கிட் கமிட், அதாவது அதுவரையான கோடைக் கிட்டில் பதிந்துவைப்பது. நான் மெதுவாகப் படிப்பவன் என்பதால், முடிந்த கட்டத்தின் ஓட்டத்தை நோட்டில் என் சொற்களில் எழுதிப் பார்க்காமல் அடுத்ததைத் திறக்கவில்லை. வேகக்காரர்களுக்கு இது எரிச்சலூட்டும், ஆனாலும் செய்யுங்கள்.

“இது வாட்டர்ஃபால்தானே?” என்ற கேள்வி நிச்சயம் வரும். ஒரு கட்டம் முடிந்தபின்தான் அடுத்தது, திரும்பிப் போவதில்லை என்ற முறை அது. அந்த முறையின் வரைபடத்தை 1970-இல் தம் கட்டுரையில் தந்த வின்ஸ்டன் ராய்ஸே, அப்படி நேராகப் போவது ஆபத்து என்று அதிலேயே எழுதியிருக்கிறார். கட்டந்தோறும் மண்டிக்காரரிடம் மாதிரிச் சீட்டைக் காட்டித் திருத்திய விவரத்தைத் தேதியோடு ரிப்போர்ட்டில் சேர்த்திருந்தால், அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாலே போதும்.